வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களை ஒப்பிடுவது எப்படி? நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்யும் முறை

குத்துச்சண்டையின் அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் அலியா, டைசனா என்ற பேச்சு குடவாசல் கடைத்தெருவில் ஒரு டீக்கடை பெஞ்சில் எங்களுக்குப் பல வருடமாக ஓடுகிறது. சாயங்காலம் கபடி ஆடி முடித்துவிட்டு வரும் பசங்க, அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள், லீவில் வந்திருக்கும் சிங்கப்பூர் ஆட்கள் என்று யார் யாரோ வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதே மூன்று நாலு இடத்தில்தான் சறுக்குகிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் நோட்டில் செய்து பார்த்து, இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதி, இப்போது பின்பற்றுகிற வரிசை இது. வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக வீடியோவை முதலில் பார்த்துவிட்டால் மற்ற எல்லாப் படியும் அதற்கு ஏற்ற மாதிரி வளைந்துவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீள நோட்டு. ஒரு ஆளுக்கு எதிரெதிராக இரண்டு பக்கம் ஒதுக்குங்கள், இடது பக்கம் சண்டைப் பட்டியல், வலது பக்கம் குறிப்பு. போனில் எழுதினால் இரண்டு பேருடைய பட்டியலை ஒரே நேரத்தில் விரித்து வைத்துப் பார்க்க முடியாது, கடைசியில் வேலையே அதுதான்.

சண்டைப் பட்டியலுக்கு பாக்ஸ்ரெக் தளம் போதும். தேதி, எதிராளி, எத்தனையாவது ரவுண்டில் முடிந்தது எல்லாம் அதில் இருக்கும். எடை பவுண்டில்தான் இருக்கும், 2.2ஆல் வகுத்தால் கிலோ.

முதல் தடவை நாலு பேருக்கு மேல் எடுக்க வேண்டாம். ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ, முகமது அலி, மைக் டைசன் என்று ஆரம்பிக்கச் சொல்வேன். இவர்கள்தான் முதல் நாலு இடம் என்பதற்காகச் சொல்லவில்லை. நீண்ட ஆட்சி, தோல்வியே இல்லாத கணக்கு, நடுவில் பறிபோன வருடங்கள், குறுகிய உச்சம் என்று நாலு விதமான சிக்கலும் இந்த நாலு பேரிடம் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது. இவர்களைச் செய்து பழகிவிட்டால் வேறு யார் வந்தாலும் கை தடுமாறாது.

1. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முதல் வரியில் எழுதுங்கள்

'யார் பெரியவர்' என்பதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டு பேரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்பது ஒன்று. தன் காலத்து ஆட்களைவிட ஒருவர் எவ்வளவு தூரம் மேலே நின்றார் என்பது இரண்டாவது. எப்பேர்ப்பட்ட ஆட்களை ஜெயித்தார் என்பது மூன்றாவது.

டீக்கடையில் சண்டை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், எதிரே இருப்பவர் மூன்றாவதற்கு. இரண்டு பேருமே சரியாகத்தான் பேசுவார்கள், ஆனால் விடியும்வரை முடியாது.

நான் பெருமை என்று எடுத்துக்கொள்வது இரண்டாவதும் மூன்றாவதும்தான். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12ல் திறப்பார்கள், 2022ல் மே 24லேயே திறந்துவிட்டார்கள். தண்ணீர் முன்கூட்டியே வந்த வருடத்தில் குறுவை போட்டவரையும், ஆற்றில் தண்ணீரே வராத வருடத்தில் போர்வெல்லை நம்பிப் போட்டவரையும் மூட்டைக் கணக்கை மட்டும் வைத்து யார் கெட்டிக்கார விவசாயி என்று நம்ம பக்கம் யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அதே வருடம் பக்கத்து வயலில் எவ்வளவு கண்டது என்றுதான் முதலில் கேட்பார்கள். குத்துச்சண்டைக்கும் அந்தக் கேள்விதான் முதல்.

முதல் கேள்வியும் ஆசையான கேள்விதான், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. கடைசிப் படிக்குத் தள்ளி வையுங்கள்.

2. யாரைச் சாம்பியன் என்று எண்ணுவது என்று முடிவு செய்யுங்கள்

ஜோ லூயிஸ் காலத்தில் ஹெவிவெயிட் சாம்பியன் என்றால் உலகத்துக்கே ஒரு ஆள். இன்று டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நாலு அமைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட், அதாவது ஒரு பட்டம். டபிள்யூபிசி 1963ல் வந்தது, ஐபிஎஃப் 1983ல், டபிள்யூபிஓ 1988ல். ஆகவே 'எத்தனை முறை சாம்பியன்' என்ற எண்ணை அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் பொதுவாக வைக்கவே கூடாது.

நான் வைத்திருக்கும் அளவு எளிமையானது: அப்போது எல்லோரும் முதல் ஆள் என்று ஒப்புக்கொண்டவரை ரிங்கில் ஜெயித்து வாங்கினாரா? கென் நார்ட்டன் டபிள்யூபிசி சாம்பியனாக இருந்தவர், ஆனால் ஜார்ஜ் ஃபோர்மனிடமும் அலியிடமும் லாரி ஹோம்ஸிடமும் ஆடிய மூன்று பட்டச் சண்டையிலும் தோற்றவர், பெல்ட் அறிவிப்பில் வந்தது. விளாடிமிர் கிளிட்ச்கோ 2006லிருந்து 2015 வரை 18 முறை பட்டத்தைக் காப்பாற்றினார், பெரிய விஷயம். ஆனால் அதில் பல வருடம் டபிள்யூபிசி பெல்ட் அவருடைய அண்ணன் விட்டாலியிடம் இருந்தது, அண்ணனும் தம்பியும் மோதிக்கொள்ளவே இல்லை. இதையெல்லாம் வலது பக்கம் ஒரு வரியாக எழுதி வையுங்கள், அப்புறம் தேவைப்படும்.

3. மொத்தக் கணக்கை மூடிவிட்டுத் தேதிப்படி எழுதுங்கள்

மார்சியானோ 49 வெற்றி, தோல்வி இல்லை. லூயிஸ் 66 வெற்றி, 3 தோல்வி. அலி 56க்கு 5. டைசன் 50க்கு 7. இந்த எண்களைப் பார்த்ததும் மனசு தானாக ஒரு வரிசை போட்டுவிடும், அதனால்தான் மூடச் சொல்கிறேன். டைசனுடைய ஏழாவது தோல்வி 2024 நவம்பரில், 58 வயதில், யூடியூபிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலிடம் வந்தது. 1988ல் அவர் எப்படி இருந்தார் என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கணக்கில் அது ஒரு தோல்வி, பஸ்டர் டக்ளஸிடம் வந்த 1990 தோல்விக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொரு முக்கியச் சண்டைக்கும் ஒரு வரி. தேதி, இவர் வயது, எதிராளி, எதிராளி வயது, எதிராளியின் முந்தைய மூன்று முடிவுகள், எத்தனை ரவுண்டுக்குப் பேசியது, எதில் முடிந்தது. முடிவைக் கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள், முதலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

காரணம் சொல்கிறேன். பட்டியல் எழுதியதும் ஏறுமுகம், உச்சம், இறங்குமுகம் என்று மூன்றாகக் கோடு போட வேண்டும். புதியவர்கள் அந்தக் கோட்டைத் தோல்வி வந்த இடத்தில் போடுகிறார்கள். 'டக்ளஸிடம் தோற்றபோது டைசன் உச்சத்தில் இல்லை' என்பார்கள். ஏன் இல்லை என்று கேட்டால், 'உச்சத்தில் இருந்திருந்தால் தோற்றிருக்க மாட்டாரே' என்பார்கள். அப்படிப் போனால் யாரும் உச்சத்தில் தோற்றதாகவே இருக்காது. வயதையும், எவ்வளவு இடைவெளியில் ஆடினார் என்பதையும், பயிற்சியாளர் யார் என்பதையும் வைத்துக் கோட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் முடிவுகளை நிரப்புங்கள். டக்ளஸ் சண்டை நடந்தது 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. டைசனுக்கு வயது 23, அதுவரை 37 சண்டை, 37 வெற்றி. 1988லேயே பயிற்சியாளர் கெவின் ரூனியை விலக்கிவிட்டார் என்பது உண்மை, அதையும் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து இருக்கட்டும்.

4. எதிராளி அன்றைக்கு எப்படி இருந்தார் என்று பாருங்கள்

நேரம் அதிகம் பிடிக்கும் படி இதுதான். பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் ஒப்பீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

எதிராளியின் பெயரைப் பார்க்காதீர்கள், அந்தத் தேதியில் அவர் யார் என்று பாருங்கள். ஹோம்ஸ் அலியை ஜெயித்தது 1980 அக்டோபர் 2, அன்று அலிக்கு 38 வயது, பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் மூலையில் இருந்த அவருடைய ஆட்களே நிறுத்திவிட்டார்கள். டைசன் ஹோம்ஸை வீழ்த்தியது 1988 ஜனவரி 22, அன்று ஹோம்ஸுக்கும் 38, ஒன்றே முக்கால் வருடமாக ரிங்கில் இறங்காமல் இருந்து வந்தவர். இரண்டு வெற்றியையும் ஒரே தட்டில் வைக்க வேண்டும். டைசன் ரசிகர் முதலாவதைக் கழித்துவிட்டு இரண்டாவதைச் சேர்த்துக்கொள்வார், ஹோம்ஸ் ரசிகர் நேர் எதிராகச் செய்வார். (அதே ஹோம்ஸ் 1992ல் 42 வயதில் ரே மெர்சரை ஜெயித்தார். 'இறங்குமுகம்' என்று எழுதிய கட்டத்திலும் ஆள் முழுசாக முடிந்துபோய்விடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.)

மார்சியானோ பக்கத்திலிருந்து இரண்டு வரி காட்டுகிறேன், என் நோட்டில் இருப்பது போலவே.

1951 அக்டோபர் 26. ஜோ லூயிஸ், வயது 37. பட்டத்தை விட்டு 1949ல் விலகி, வரிக் கடனால் திரும்பி வந்தவர். 1950ல் எஸ்ஸார்ட் சார்ல்ஸிடம் தோல்வி, அப்புறம் வரிசையாக எட்டு வெற்றி. எட்டாவது ரவுண்டில் முடிந்தது. இறங்குமுகம்.

1952 செப்டம்பர் 23. ஜெர்சி ஜோ வால்காட், வயது 38, சாம்பியன். சார்ல்ஸை அதற்கு முன் இரண்டு முறை அடுத்தடுத்து ஜெயித்தவர். மார்சியானோ முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்தார், 12 ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களின் மதிப்பெண் தாளிலும் பின்தங்கியிருந்தார், 13ல் ஒரே வலது கைக் குத்து. வயது 38 ஆனாலும் அன்று நல்ல நிலையில் இருந்தவர்.

இரண்டு வரியிலும் எதிராளியின் வயது கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் வெற்றியின் கனம் வேறு. வயதை மட்டும் பார்த்து 'மார்சியானோ கிழவர்களை அடித்தவர்' என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது வரியை எழுதிப் பார்த்ததில்லை.

அலி பக்கத்துக்கு வாருங்கள். 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. ஜார்ஜ் ஃபோர்மன், வயது 25, 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக்அவுட். முந்தைய வருடம் அன்றைய சாம்பியன் ஜோ ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே தள்ளியவர், ஏழு மாதம் முன்னால் நார்ட்டனையும் இரண்டு ரவுண்டில் முடித்தவர். அலிக்கு 32. உச்சத்தில் இருக்கும் ஆளை, தன் உச்சம் தாண்டிய வயதில், எட்டாவது ரவுண்டில் நாக்அவுட். இது மாதிரி ஒரு வரி மற்ற மூன்று பேர் பக்கத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இதிலேயே இன்னொரு தவறும் தெரியும். 'இவர் அவரை ஜெயித்தார், அவர் இவரை ஜெயித்தார், அதனால் இவர்தான் மேல்' என்று சங்கிலி கோர்ப்பது. ஃப்ரேசியர் அலியை ஜெயித்தார், நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார், ஃபோர்மன் அந்த இரண்டு பேரையும் ஊதித் தள்ளினார், அலி ஃபோர்மனை வீழ்த்தினார். சங்கிலி வட்டமாகிவிட்டது. ஒருவருக்குப் பிடி கொடுக்காத ஆட்ட முறை இன்னொருவருக்கு லட்டு மாதிரி அமையும். சங்கிலியைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

பக்கத்தின் அடியில் 'மோதாதவர்கள்' என்று ஒரு வரி விடுங்கள். 1920களின் சாம்பியன் ஜாக் டெம்ப்சி ஹாரி வில்ஸோடு ஒருமுறைகூட ஆடவில்லை, வில்ஸ் கறுப்பினத்தவர். இன்னொரு கறுப்பின வீரரான சாம் லாங்ஃபோர்டுக்கு ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பே கிடைக்கவில்லை, முதல் கறுப்பினச் சாம்பியனான ஜாக் ஜான்சனும் பட்டம் வாங்கிய பிறகு அவருக்குக் கொடுக்கவில்லை. லெனக்ஸ் லூயிஸும் ரிடிக் போவும் 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் மோதினார்கள், தொழில்முறையில் மோதவே இல்லை. ஜெயித்தவர்கள் பட்டியல் மாதிரியே இந்தப் பட்டியலும் ஒரு சாம்பியனைப் பற்றிச் சொல்கிறது, தப்பு யாருடையது என்பது வேறு விஷயம்.

5. எந்த விதியில் ஆடினார்கள் என்று எழுதுங்கள்

ரவுண்டு எண்ணிக்கைதான் முக்கியம். 1915ல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் ஜெஸ் வில்லார்டிடம் தோற்றது 26வது ரவுண்டில், 45 ரவுண்டுக்குப் பேசியிருந்த சண்டை. அப்புறம் பட்டச் சண்டை என்றால் 15 என்று நிலைத்தது. 1982ல் கொரிய வீரர் டுக் கூ கிம் ரிங்கில் அடிபட்டு இறந்த பிறகு டபிள்யூபிசி 12 ஆகக் குறைத்தது, மற்ற அமைப்புகளும் 1980களிலேயே அதற்கு மாறின.

இதைச் சும்மா தகவலாக எழுதாதீர்கள், 13, 14, 15ல் என்ன நடந்தது என்று தேடுங்கள். 1941ல் பில்லி கான் 12 ரவுண்டு முடிவில் ஜோ லூயிஸைவிட முன்னால் இருந்தார், 13ல் நாக்அவுட் ஆனார். வால்காட்–மார்சியானோவும் 13. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் கான் சாம்பியன், மார்சியானோவுக்கு ஒரு தோல்வி, 49–0 என்ற எண்ணே கிடையாது. 1971ல் ஃப்ரேசியர் அலியைக் கீழே விழவைத்த அந்த இடது கைக் குத்து 15வது ரவுண்டில் வந்தது.

அதற்காக 'இந்தக் காலத்து ஆட்கள் 15 தாங்க மாட்டார்கள்' என்று சொல்லிவிடாதீர்கள், இதுவும் அடிக்கடி கேட்கிற பேச்சு. 12க்குப் பயிற்சி எடுத்தவர் 12க்குத் தகுந்த வேகத்தில் ஆடுவார். 15 என்றால் அதற்குத் தகுந்தபடி பயிற்சி எடுத்திருப்பார்.

இன்னொரு விதி, எதிராளி விழுந்ததும் எங்கே நிற்பது என்பது. 1919ல் டெம்ப்சி வில்லார்டை முதல் ரவுண்டில் ஏழு முறை தள்ளியபோது பக்கத்திலேயே நின்றுகொண்டு, எழுந்ததும் அடித்தார், அன்று அது அனுமதி. 1927ல் சாம்பியன் ஜீன் டன்னியைத் தள்ளியபோது தூரத்து மூலைக்குப் போனால்தான் ரெஃப்ரி எண்ண ஆரம்பிப்பார் என்ற விதி இருந்தது. டெம்ப்சி போகத் தாமதித்தார், டன்னிக்குப் பத்து நொடிக்கு மேல் கிடைத்தது, எழுந்து ஜெயித்தார். ஒரே ஆள், எட்டு வருட இடைவெளி, விதி மாறியதும் முடிவு மாறியது.

6. எடையையும் உயரத்தையும் ஒரே ஒரு முறை பாருங்கள்

நம்ம ஊர்களில் 60 கிலோ கபடி, 65 கிலோ கபடி என்று போட்டி வைத்து, தராசில் ஏற்றித்தான் உள்ளே விடுகிறார்கள். ஹெவிவெயிட்டில் மேல் வரம்பு கிடையாது. மார்சியானோ சுமார் 84 கிலோ. இன்று 90.7 கிலோவுக்குள் இருப்பவர்களுக்கு குரூசர்வெயிட் என்று தனிப் பிரிவே இருக்கிறது. லெனக்ஸ் லூயிஸ் 6 அடி 5 அங்குலம், டைசன் ஃப்யூரி 6 அடி 9 அங்குலம்.

ஆகவே முதல் கேள்விக்கு, அதாவது மோதினால் யார் என்பதற்கு, எடை பெரிய விஷயம். இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு அது தேவையே இல்லை. இதைக் கலப்பதுதான் தவறு. 84 கிலோ ஆள் தன் காலத்தில் எல்லோரையும் ஜெயித்தார் என்றால் ஜெயித்ததுதான்.

எடை ஒன்றே தீர்மானிக்கும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணம். டெம்ப்சி சுமார் 85 கிலோவில் 111 கிலோ வில்லார்டை அடித்து நொறுக்கினார். ஒலெக்சாண்டர் உசிக் குரூசர்வெயிட்டில் எல்லாப் பெல்ட்டையும் ஒன்றாக்கிவிட்டு மேலே வந்து, 2024 மே மாதம் ரியாத்தில் ஃப்யூரியை ஜெயித்து நாலு பெல்ட்டையும் சேர்த்து வைத்த முதல் ஹெவிவெயிட் ஆனார். ஆறு அங்குலம் உயரமான ஆளை.

7. பறிபோன வருடங்களைக் கோடு போட்டுக் காட்டுங்கள், நிரப்பாதீர்கள்

அலி 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியை ஜெயித்த பிறகு, ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு, 1970 அக்டோபரில்தான் திரும்ப ஆடினார். 25 வயதிலிருந்து 28 வரை. ஜோ லூயிஸ் 1942 மார்ச்சுக்குப் பிறகு ராணுவத்தில் இருந்தார், அடுத்த பட்டச் சண்டை 1946 ஜூன்.

பட்டியலில் அந்த இடத்தில் காலி வரிகள் விட்டு ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அங்கே 'எட்டு வெற்றி கிடைத்திருக்கும்' என்று நிரப்பக் கூடாது. நடக்காத சண்டையைச் சேர்க்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, எல்லோருக்கும் சேர்க்க வேண்டி வரும். ஆனால் கோட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் எப்படி மாறினார் என்பதை எழுதலாம். 1966 அலியின் கால் வேகம் 1971ல் இல்லை, அடியைத் தாங்கி நிற்கக் கற்றுக்கொண்டார். அது பட்டியலில் இருக்கும் உண்மை.

சிறை வேறு. டைசன் 1992லிருந்து 1995 வரை உள்ளே இருந்தது பாலியல் வன்முறைக் குற்றத்துக்கு. அந்த வருடங்களுக்கு நான் கோடு போடுவேன், ஆனால் அலியின் வருடங்களுக்குத் தருகிற இடத்தை அதற்குத் தர மாட்டேன்.

8. தோல்விகளைத் தனியாக எடுத்துப் படியுங்கள்

ஒவ்வொரு தோல்விக்கும் மூன்று கேள்வி: உச்சத்தில் வந்ததா, திரும்ப மோதினாரா, அந்தத் தடவை என்ன மாற்றினார்?

அலியின் ஐந்தில் ஃப்ரேசியர், நார்ட்டன், லியோன் ஸ்பிங்க்ஸ் மூன்று பேரையும் திரும்ப மோதி ஜெயித்தார். ஹோம்ஸும் பெர்பிக்கும் 38 வயதுக்கு மேல் வந்தவை. லெனக்ஸ் லூயிஸ் தோற்றது இரண்டே பேரிடம், மெக்காலிடமும் ரஹ்மானிடமும், இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு ஜெயித்தார். டைசன் டக்ளஸோடு திரும்ப மோதவில்லை, ஹோலிஃபீல்டோடு திரும்ப மோதியது அவர் காதைக் கடித்ததில் முடிந்தது.

தோல்வியே இல்லாதவரிடம் கேட்க வேண்டியது, எப்போது விலகினார் என்பது. மார்சியானோ ஆறு முறை பட்டத்தைக் காப்பாற்றி 32 வயதில் விலகினார். அது புத்திசாலித்தனம், மரியாதைக்குரியது. ஆனால் 11 வருடத்துக்கு மேல் சாம்பியனாக இருந்து 25 முறை காப்பாற்றிய லூயிஸுக்கு முன்னால் அந்தப் பூஜ்யத்தை மட்டும் வைக்க முடியாது.

9. இப்போதுதான் வீடியோ

என் அக்கா மகன் ஒருமுறை லீவுக்கு வந்தபோது, 'மாமா, இதைப் பாருங்க, இதுக்கு மேல என்ன பேச்சு' என்று போனை நீட்டினான். டைசன் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்தது. நாற்பது தடவையாவது பார்த்திருப்பான். 1987ல் போன்க்ரஷர் ஸ்மித்தும் டோனி டக்கரும் டைசனோடு முழு 12 ரவுண்டும் நின்றார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அது அவன் தப்பில்லை, துண்டு வீடியோவில் அவை வராது.

ஒரு ஆளுக்கு மூன்று முழுச் சண்டை பாருங்கள். சுலபமாக ஜெயித்தது ஒன்று, திணறி ஜெயித்தது ஒன்று, தோற்றது ஒன்று. சத்தத்தை அணைத்துவிடுங்கள், வர்ணனையாளர் யாரைப் பற்றி அதிகம் பேசுகிறாரோ அவர் ஜெயிப்பது போலவே தோன்றும். முதல் தடவை கால்களை மட்டும் பாருங்கள், இரண்டாவது தடவை இடது கையை.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஜோ லூயிஸும் ஜெர்மன் வீரர் மேக்ஸ் ஷ்மெலிங்கும் 1936ல் ஆடியதைச் சொல்வேன். லூயிஸ் இடது கையை நீட்டிக் குத்திவிட்டு இழுக்கும்போது கை தாடைக்குத் திரும்பாமல் கொஞ்சம் தாழ்ந்து வரும். அந்த இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலது கை மேலாக உள்ளே வரும். நாலாவது ரவுண்டில் லூயிஸ் விழுவதற்கு முன்னால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 12வது ரவுண்டில் நாக்அவுட். அப்புறம் 1938 சண்டையைப் போடுங்கள். 124 நொடிதான், அந்த ஓட்டையைப் பயன்படுத்த ஷ்மெலிங்குக்கு நேரமே கொடுக்கவில்லை. டீக்கடையில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் யாரும் பேச மாட்டார்கள், டீ ஆறிப்போகும்.

டோக்கியோ சண்டையில் ரவுண்டு இடைவேளைகளையும் தள்ளிவிடாமல் பாருங்கள். டைசனின் கண் வீங்கியபோது ஒத்தடம் கொடுக்கும் இரும்புகூட அவருடைய மூலையில் இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்து அழுத்துகிறார்கள். தயாரிப்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

1920க்கு முந்தைய படங்களில் ஆட்கள் பொம்மை மாதிரி விறுவிறுவென்று அசைவார்கள். அன்று குறைந்த வேகத்தில் படம் பிடித்ததை இன்றைய வேகத்தில் ஓட்டுவதால் அப்படி, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர், பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம்தான் பிடிக்கும். அதை மட்டும் கேட்டுவிட்டு 'இவ்வளவுதானா' என்று தஞ்சாவூர்ப் பக்கம் யாராவது சொல்வார்களா? ஜாக் ஜான்சனின் படத்தையும் அந்த நிதானத்தோடு பாருங்கள்.

10. மார்க் போடாமல், இரண்டு இரண்டு பேராக அடுக்குங்கள்

பத்துக்கு எவ்வளவு என்று மார்க் போட்டுக் கூட்டுவது பார்க்க நேர்மையாகத் தெரியும். ஆனால் எதற்கு எத்தனை மார்க் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம், பிடித்த ஆள் மேலே வரும்வரை அதை மாற்றிக்கொண்டே இருப்போம். நான் கிழித்துப் போட்ட இரண்டு நோட்டும் மார்க் போட்டவைதான்.

இரண்டு பேரின் பக்கங்களை எதிரெதிராக விரித்து வையுங்கள். தன் காலத்தில் யார் அதிகம் மேலே நின்றார் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள், யாருடைய வெற்றிகள் கனமானவை என்று ஒரு வாக்கியம். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தால் முடிந்தது. வேறு வேறு பெயர் வந்தால் உங்களுக்கு எது முக்கியம் என்று வெளிப்படையாகச் சொல்லி ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அடுத்த ஜோடி.

நான் செய்ததில் தன் காலத்தில் அதிகம் மேலே நின்றவர் என்பதற்கு ஜோ லூயிஸ் வந்தார், வெற்றிகளின் கனத்துக்கு அலி. எனக்கு வெற்றிகளின் கனம்தான் பெரிது, அலியிடம் பட்டத்தை இழந்த சன்னி லிஸ்டனும் ஃப்ரேசியரும் ஃபோர்மனும் ஒரே ஆளின் பக்கத்தில் இருக்கிறார்கள், அதனால் அலி முதல், லூயிஸ் ஒரு விரற்கடை பின்னால். மார்சியானோ மூன்று, டைசன் நாலு. லூயிஸை முதலில் வைப்பவரோடு நான் வாதாட மாட்டேன். டைசனை முதலில் வைப்பவரிடம் அவருடைய நோட்டைக் கேட்பேன்.

இப்போது மோதினால் யார் என்ற கேள்வியை எடுக்கலாம். வருடம், ரவுண்டு, விதி மூன்றையும் எழுதிவிட்டுத்தான் பேச வேண்டும்: 1938 லூயிஸ், 1988 டைசன், 15 ரவுண்டு, எதிராளி விழுந்ததும் தூரத்து மூலைக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரிடம் கேட்டால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் 1970ல் நடந்ததைச் சொல்லுங்கள். அலியும் மார்சியானோவும் மோதுவது போல நடித்துப் படம் எடுத்து, முடிவைக் கம்ப்யூட்டர் சொன்னதாகக் காட்டினார்கள். அமெரிக்காவில் ஓடியதில் மார்சியானோ 13வது ரவுண்டில் ஜெயித்தார், ஐரோப்பாவுக்குப் போன பதிப்பில் அலி ஜெயித்தார். படம் வெளியாகும் முன்பே, 1969 ஆகஸ்ட் 31ல், மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார்.

நாலு பேர் முடிந்ததும் அடுத்த நாலு பேராக ஜாக் ஜான்சன், லாரி ஹோம்ஸ், லெனக்ஸ் லூயிஸ், உசிக் ஆகியோரை எடுங்கள். ஜான்சனுக்கு ஐந்தாவது படியும் ஹோம்ஸுக்கு நாலாவதும் அதிக நேரம் எடுக்கும். உசிக்கின் பக்கத்தைப் பென்சிலில் எழுதுங்கள். கடைசிச் சண்டை முடிந்து ஐந்து வருடம் போகட்டும், அப்புறம் பேனாவை எடுக்கலாம்.